அவளுக்கு ஒத்துக்காது

குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் என் கணவர் பேச ஆரம்பித்தார். அந்த விடுதியின் குளியலறைச் சுவர் அட்டை மாதிரி. பக்கத்து அறையில் அவருடைய நண்பர் பல்டி அண்ணா பல் தேய்த்துக்கொண்டே பாடுவது வரிவரியாகக் கேட்கும். அதனால் வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, என் காதருகே குனிந்தார்.

"மழை விட்டுடுச்சு."

"பார்த்தேன்."

"இன்னைக்குக் குதிக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. டிபன் சாப்பிடும்போதே சொல்லிடு. தலை சுத்துதுன்னு சொல்லு. இல்லன்னா நேராவே பயமா இருக்குன்னு சொல்லு. உன்னை யாரு என்ன சொல்லப்போறா? நானும் உனக்குத் துணையா கீழ நின்னுக்கறேன்."

"எனக்குத் தலை சுத்தலையே."

"அய்யோ, நீ வேற! சும்மா சொல்றதுக்கு என்ன?"

வாளி நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது. அவர் குழாயை மூடவில்லை. மூடினால் பேச்சு முடிந்துவிடும். நான் சரி என்று தலையாட்ட வேண்டும், அதன் பிறகுதான் குழாயை மூடுவார். அந்தச் சின்ன அறைக்குள், ஈரக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, வழக்கம்போலத் தலையாட்டினேன்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து போனால் படிதான். எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு "வாங்க வாங்க" என்றால், இவர் காய்கறிப் பையைக் கை மாற்றியபடி சிரிப்பார். "நீங்க போங்க சார். இவளுக்கு லிஃப்ட் ஒத்துக்காது." அவர் அலுவலகம் போன பிறகு நான் லிஃப்டில்தான் போவேன், வருவேன். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா என்னை உள்ளே பார்த்துவிட்டு, "அட, பயம் தெளிஞ்சிடுச்சா?" என்று கேட்டபோது கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி விழித்தேன்.

கல்யாணமான புதிதில் பொருட்காட்சிக்குப் போனபோது ஆரம்பித்தது இது. ராட்டினத்தில் பாதி உயரம் போனதும் அவர் முகம் வெளுத்து, என் கையை நசுக்கினார். கீழே இருந்தவனைப் பார்த்து, "நிறுத்துப்பா, இவளுக்குத் தலை சுத்துது!" என்று கத்தினார். எனக்கு அப்போது அது பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் காட்டிய ஒன்றை நான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பிறகு நீச்சல் இவளுக்கு ஒத்துக்காது என்று கடற்கரையில் சொன்னார். மலைப்பாதை இவளுக்கு ஒத்துக்காது என்று வேலை மாற்றத்தை மறுத்தார். பக்கத்து வீட்டு நாய்கூட எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாய் என்னைக் கண்டால் வாலை ஆட்டும்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பார். நான் எழும் முன் காபி போட்டு வைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் பயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

போன மாதம்வரை சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முதலில் துடைத்து எடுத்துக்கொடுக்கும் வேலை, இப்போது லென்ஸை அளவுக்கு வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை. முதலாளியம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரில் புதுக் கடை திறக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வீட்டுக்கே வந்தார். நான் டீ போட உள்ளே போன நேரத்தில், கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. "தனியா பஸ்ல அவ்வளவு தூரமெல்லாம் அவளுக்கு ஒத்துக்காதுங்க. பாலம் வேற. ரொம்பப் பயந்த சுபாவம்."

பாலம் யாருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். விடுமுறை நாளில் கடைக்கு என்னைப் பார்க்க வரவேண்டுமென்றால் அவரும் அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும்.

மறுநாள் முதலாளியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பயந்தவளைத் தனியா ஒரு கடையில எப்படிம்மா உட்கார வைக்கறது?" என்றார். இந்தப் பயணத்துக்கு விடுப்புக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பாராசூட்டா? நீயா? சரி, குதிச்சுட்டு வா. திங்கட்கிழமை கடைச் சாவியைக் கையில தர்றேன். குதிக்கலன்னா அந்தப் பேச்சையே விட்டுடுவோம்." விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் விளையாட்டுக்குக்கூடச் சாவியைப் பற்றிப் பேசமாட்டார்.

இந்தப் பயணம் என் கணவரின் பள்ளித் தோழர்கள் போட்ட திட்டம். பல்டி அண்ணா டயர் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் மதிற்சுவரிலிருந்து குட்டிக்கரணம் அடித்து இறங்குவாராம், அதனால் பல்டி. இன்னொருவர் கணக்காயர், எல்லோருக்கும் அவர் ஆடிட்டர்தான். என் கணவரின் பட்டப்பெயர் சிங்கம். பள்ளி நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று உறுமியவர் இவர். கடலும் தென்னையும் உள்ள இடமாகப் போய், வானத்திலிருந்து கும்பலாகக் குதிக்க வேண்டும் என்று பல்டி அண்ணா செய்தி அனுப்பியதும், முதல் ஆளாகச் சிங்கப் படம் போட்டு "ரெடி" என்று எழுதியவர் இவர்தான். கடைசி நேரத்தில் நான் இருக்கிறேனே என்ற தைரியம்.

வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அறைகளில் அடைந்து கிடந்தோம். சன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும். எல்லோரும் சலித்துக்கொள்ள, என் கணவர் மட்டும் சீட்டு விளையாடிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, இருந்த இடத்தைக் கலகலப்பாக்கினார். இடி இடித்தால் அவருக்கு முகம் மலர்ந்தது. இங்கே எங்கள் அறை மூன்றாவது மாடியில். இங்கேயும் எங்களுக்குப் படிதான்.

டிபன் மேசையில் நான் சொல்லவில்லை. பூரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். மேசைக்கடியில் அவர் கால் என் காலை இடித்தது.

"என்ன தங்கச்சி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் பல்டி அண்ணா. "பயப்படாதே. மேல போனா கீழ வந்துதானே ஆகணும்? மேலேயே தங்கிட்டவங்க யாரும் இல்ல."

"அவளைச் சும்மா விடுங்க," என்றார் அவர் மனைவி பல்டி அக்கா. "சிங்கமே கூட வருது. அதுக்கு மேல என்ன துணை வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். கால் இன்னொரு முறை இடித்தது.

குதிக்கும் இடம் ஒரு நீண்ட புல்வெளி. ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் கயிறும் துணியும் ரப்பரும் கலந்த வாசனை. ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி, எடையைப் பேனாவால் புறங்கையில் எழுதினார்கள். பல்டி அக்கா அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே நடமாடினார். "ஏய், காட்டுடி. நான் பார்க்காத எடையா?" என்று பல்டி அண்ணா துரத்தினார்.

பிறகு பாயில் உட்கார வைத்துப் பாடம். தலைமைப் பயிற்சியாளர் அளந்து பேசுகிறவர். எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு மாஸ்டர் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார், பாராசூட் அவர் முதுகில் இருக்கும், வாழைப்பழம் மாதிரி உடம்பை வளைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். என் கணவர் அங்கே இல்லை. "மேகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று வெளியே போனவர், கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவைக்கு மூணு பேர்தான்," என்றார் பயிற்சியாளர். "விமானத்துல சீட்டு கிடையாது. தரையில ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஒட்டி உட்காரணும். கதவு பின்பக்கம். அதனால கடைசியா ஏறுறவர்தான் முதல்ல குதிக்கணும். அவர் நகர்ந்தாத்தான் உள்ள இருக்கறவர் வர முடியும்."

"வேண்டாம்னா தள்ளி விட்டுடுவீங்களா சார்?" என்று ஆடிட்டர் கேட்டார். "எங்க வீட்டம்மா அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

"தள்ள மாட்டோம். கதவுகிட்ட வச்சுக் கேட்போம். வேண்டாம்னு சொன்னா விமானத்துலயே இறங்கிடலாம். ஆனா அவங்கவங்க வாயால சொல்லணும். புருஷனுக்காகப் பொண்டாட்டி சொல்றதும், பொண்டாட்டிக்காகப் புருஷன் சொல்றதும் இங்க செல்லாது." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். "இப்பவே யாருக்காவது வேண்டாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, என் கணவர் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டார். நான் என் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் பக்கம் ஒரு நூல் பிரிந்திருந்தது.

"தங்கச்சி?" என்றார் பல்டி அண்ணா.

"நான் குதிக்கறேன்."

அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பல்டி அண்ணா போட்ட விசிலில் தகரக் கூரை அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக் கைதட்டியவர் என் கணவர். அவருடைய காது இரண்டும் வெளுத்திருந்தன.

முதல் தடவை ஆடிட்டரும் அவர் மனைவியும் பல்டி அக்காவும் போனார்கள். மூன்று வண்ணக் குடைகளாக இறங்கி, புல்லில் உருண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் கணவர் என்னை உடைகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் இழுத்துப் போனார். இங்கே திறந்துவிடக் குழாய் இல்லை.

"என்ன பண்ற நீ?"

"நீங்க உங்களுக்குன்னு சொல்லிக்கலாமே. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"நான் எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் கழிச்சு? அவனுங்க வாய்க்கு நான் அவல் ஆகணுமா?" பிறகு குரல் இறங்கியது. கண் கலங்கிவிடும்போல இருந்தது. "இந்த ஒரு தடவைம்மா. மேல போய்க் கதவு திறந்ததும் சொல்லிடு. நான் உன்னைப் பார்ப்பேன். நீ சொல்லிடு."

நான் பதில் சொல்வதற்குள் மாஸ்டர்கள் பட்டைகளோடு வந்துவிட்டார்கள். தொடையில் ஒன்று, தோளில் ஒன்று, மார்பில் ஒன்று. ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கும்போது மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எனக்கு வாய்த்த மாஸ்டர் ஒரு பெண். வாயில் இருமல் மிட்டாய் ஒன்று உருண்டுகொண்டே இருந்தது. காற்று படாமல் கண்ணுக்கு மாட்டிவிட்ட காற்றுக்கண்ணாடியில் இடது பக்கம் ஒரு கீறல். கை துறுதுறுத்தது, கழற்றி மெருகு போட்டுக் கொடுத்திருப்பேன்.

விமானத்தருகே வந்தோம். பல்டி அண்ணா, "நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று முந்திக்கொண்டு ஏறி உள்ளே போய்விட்டார். என் கணவர் ஒதுங்கி நின்றார். எங்கே போனாலும் அவர் அப்படித்தான். மற்றவர்களை முன்னால் விட்டு, கடைசியாக வருவார், பெரிய மனதுக்காரர் என்று பேர். "நீ ஏறும்மா," என்றார்.

எனக்குத் தெரியும். கடைசியாக ஏறுகிறவர் கதவோரம் உட்கார வேண்டும், முதலில் அவரைத்தான் கேட்பார்கள் என்று நான் பாடத்தில் கேட்டிருந்தேன். அவர் அப்போது வாசலில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சீக்கிரம், வெயில் இருக்கும்போதே," என்று பின்னாலிருந்து மாஸ்டர் சொன்னார். நான் ஏறிவிட்டேன்.

உள்ளே ஒரு பீரோவைப் படுக்க வைத்து அதற்குள் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. பல்டி அண்ணாவின் பாதம் என் இடுப்பில். என் முழங்கால் என் கணவரோடு கட்டியிருந்த மாஸ்டரின் முதுகில். என் முதுகோடு கட்டப்பட்ட மாஸ்டரின் மூச்சில் மிட்டாய் வாசனை. கையைத் தூக்கி மூக்கைச் சொறியக்கூட இடமில்லை. இயந்திரச் சத்தத்தில் பல் கூசியது. கீழே தென்னந்தோப்பு பாசி மாதிரி ஆனது. பிறகு கடலின் ஓரம் ஒரு வெள்ளை நூல். பிறகு வெறும் நீலம்.

தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குப் பாதி வழியில்தான் புரிந்திருக்க வேண்டும். கழுத்து விறைத்தது. திரும்பி என்னைப் பார்க்க முயன்றார், பட்டை விடவில்லை.

கதவைத் திறந்தார்கள். காற்று உள்ளே புகுந்து அறைந்தது. அவருடைய மாஸ்டர் காதில் வாய் வைத்துக் கேட்டார். "சார், குதிக்கலாமா?"

"என் வைஃபுக்குப் பயமா இருக்கு!" என்று கத்தினார் என் கணவர். "இறக்கிடுங்க! அவளுக்கு ஒத்துக்காது!"

"உங்களைக் கேக்கறேன் சார்!"

"அவளைக் கேளுங்க! அவளைக் கேளுங்க!"

என் மாஸ்டர் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, என் காதருகே வந்தார். "பயமா இருக்கா? வேண்டாமா?"

இப்போது அவர் கழுத்தை எப்படியோ திருப்பிவிட்டார். ராட்டினத்தில் பார்த்த அதே முகம். ஆமாம் என்று நான் ஒருமுறை தலையசைத்தால் போதும். கதவை மூடிவிடுவார்கள். கீழே போனதும் எல்லோரும் என் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். நாளைக் காலை அவர் எனக்குக் காபி போட்டுத் தருவார், கூடுதல் சர்க்கரையோடு. திங்கட்கிழமை நான் லென்ஸ் வெட்டும் பழைய மேசைக்கே போவேன். அதன் பிறகு சாகும்வரை படியில் ஏறுவேன், இறங்குவேன்.

"எனக்குப் பயமில்ல," என்றேன். காற்றில் கேட்டிருக்காது. இன்னொரு முறை கத்தினேன். "எனக்குப் பயமில்ல! நான் குதிக்கறேன்!"

அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி பார்த்தார். அவருடைய மாஸ்டர் மறுபடி கேட்டார். இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் அவரை இழுத்துக்கொண்டு ஓரமாகச் சுவரோடு ஒட்டினார். நான் தரையில் தேய்ந்தபடி அவரைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் கை என் கணுக்காலைப் பிடித்தது. எலும்பு வலிக்கும்படி பிடித்தது. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியதும், சுவரில் இருந்த பட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ள அவரே விட்டுவிட்டார்.

விழுந்தது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாயில் காற்று அடைத்தது. கத்தினேனா என்றுகூடத் தெரியாது. பாராசூட் விரிந்து சட்டென்று எல்லாச் சத்தமும் நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தேன். மேலே பார்த்தேன். விமானம் சின்னப் பூச்சியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் இருந்தார். நான் இதற்குள், பட்டைகளில் தொங்கிக்கொண்டு.

"எப்படி இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"நிறைய பேர் இங்க வந்துதான் அழுவாங்க," என்று சொல்லிவிட்டு அவர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

நான் இறங்கிய கொஞ்ச நேரத்தில் பல்டி அண்ணாவும் இறங்கினார். மற்றவர்கள் ஓடி வருவதற்குள், கயிறுகளை உதறிக்கொண்டே என் அருகில் வந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லை.

"தங்கச்சி, மனசுல வச்சுக்காதே. அவன் ஸ்கூல்லயே அப்படித்தான். நாங்க சுவர் ஏறிக் குதிச்சா, கீழ நின்னு எங்க பையெல்லாம் பிடிச்சுப்பான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க எல்லாருக்கும் தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு அண்ணா என்னைக் கிண்டல் பண்ணீங்க, இத்தனை வருஷமா?"

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி அதற்குள் பார்த்தார். "அவன் உன் பேரைச் சொல்லிட்டான்ல. நீயும் ஒண்ணும் சொல்லல. அப்படியே போயிடுச்சு."

மேலே இருந்தபோது வராத தலைசுற்றல் அப்போது வந்தது. நான் ஒரு ரகசியத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே சீட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விமானம் இறங்கி, என் கணவர் புல்வெளியில் நடந்து வந்தார். பட்டைகள் தொடையில் தளர்ந்து ஆடின. ஆடிட்டர் மேலே நடந்தது எதுவும் தெரியாமல், "எங்கடா சிங்கம், குகைக்குள்ளேயே இருந்துட்ட?" என்றார்.

"அவளுக்கு," என்று ஆரம்பித்தார் என் கணவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முட்டியில் மண்ணோடும், கலைந்த தலையோடும், கையில் காற்றுக்கண்ணாடியோடும் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. "தண்ணி இருக்கா?" என்றார். கொடுத்தேன். பாட்டிலை முழுவதுமாகக் குடித்தார். பல்டி அண்ணா எதையோ சொல்லிப் பேச்சை மாற்றினார்.

திரும்பும் வண்டியில் அவர் சன்னல் பக்கமும் நான் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். விடுதிக்கு வந்ததும் எல்லோரும் லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன். அவர் வெளியே நின்றார். படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவு மூடாமல் நான் காலை வைத்துக்கொண்டிருந்தேன். ஆடிட்டர்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க," என்றார் என் கணவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு லிஃப்ட் ஒத்துக்காது."

காலை எடுத்தேன். கதவு மூடியது.

இரண்டாவது மாடியில் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள், அங்கே ஆடிட்டருக்கு மட்டும் பெரிய அறை, எல்லோருக்கும் அங்கேதான் அரட்டை. நான் தனியாக மேலே போனேன். பாதியில் மின்சாரம் போனது. ஒரு குலுக்கலோடு பெட்டி நின்றது. இருட்டு. என் மூச்சு மட்டும் கேட்டது. ஜெனரேட்டர் இருமியது, நின்றது. கையால் கதவைத் தடவினேன், விளிம்பு பிடிபடவில்லை. எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம், படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். எனக்குப் பழக்கமான செருப்பு.

விளக்கு வந்து, கதவு திறந்தபோது, அவர் எனக்கு முன்பே மேலே வந்து, மூச்சு வாங்கியபடி நின்றிருந்தார்.

"நின்னுடுச்சா?"

"ம்."

என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "பயந்துட்டியா?"

இத்தனை வருடத்தில் அவர் அதை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். என்னிடம் கேட்டதில்லை.

"ஆமா," என்றேன். "கொஞ்சம் பயந்துட்டேன்."

அவர் தலையாட்டினார். கடைசிப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். என் கணுக்காலில் அவருடைய விரல்தடம் சிவப்பாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் மறைக்கவில்லை.

"திங்கட்கிழமை முதலாளியம்மாகிட்ட நானே பேசிக்கறேன்," என்றேன்.

"பாலம் ரொம்ப உயரம்," என்றார், தன் காலைப் பார்த்தபடி.

"தெரியும்."

"நான் வர மாட்டேன்."

"அதுவும் தெரியும்," என்று சொல்லிவிட்டு, அறைச் சாவிக்காகக் கையை நீட்டினேன்.